ரேடியோவைக் கழற்றிய இடத்தில்

இன்றைக்குக் காலையில் ஒரு வெள்ளித் தாளைப் பார்த்தேன். அப்போதிருந்து உன் நினைப்பாகவே இருக்கிறது.

மகள் புதுக் கார் வாங்கியிருக்கிறாள். கம்பெனிக்காரன் வைத்துக் கொடுத்த பாட்டுப் பெட்டி அவளுக்குப் பிடிக்கவில்லையாம். கழற்றிவிட்டு வேறு ஒன்று மாட்ட வேண்டும் என்றாள். "இருக்கறது பாடாமயா இருக்குது?" என்று கேட்டேன். "பாடுதுங்கப்பா, ஆனாச் சத்தம் தட்டையா இருக்குது" என்றாள். சத்தத்தில் தட்டை எது, உருண்டை எது என்று எனக்கு இந்த வயதிலும் தெரியவில்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு அவளோடு போகலாம் என்று கிளம்பிவிட்டேன். வேலந்தாவளம் தாண்டி, கோயமுத்தூர் ரோட்டில் ஒரு கடை. பாலக்காட்டு எல்லையில் இருக்கும் நம் வடகரப்பதியிலிருந்து அதிக தூரமில்லை.

கடைக்காரர் தாடி வைத்த ஆள், நிதானமான கை. டேஷ்போர்டின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் ஆப்பைச் செருகி, மெல்ல நெம்பி, பழைய செட்டை வெளியே இழுத்தார். "கொஞ்சம் புடிச்சுக்குங்க ஐயா" என்று என் மடியில் வைத்தார். அது இன்னும் சூடாக இருந்தது. அதைக் கழற்றிய இடத்தில் சதுரமாக ஓர் இருட்டு. அதற்குள்ளிருந்து கொத்தாகக் கம்பிகள் தொங்கின. தூசியும் சூடான ரப்பரும் கலந்த ஒரு வாசனை வந்தது. கார்கள் எவ்வளவோ மாறிவிட்டன, அந்தப் பொந்தின் வாசனை மட்டும் மாறவேயில்லை.

பிறகு அவர் கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றிவிட்டு, ஒரு சுருளிலிருந்து பளபளவென்று வெள்ளித் தாளை வெட்டினார். கதவுக்குள் ஒட்டப் போனார். எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. "ஏனுங்க, அந்தத் தாள ஒட்டாதீங்க, கம்பில பட்டுச்சுன்னாப் பொகஞ்சு போகும்" என்று எழுந்தே விட்டேன். அவர் சிரித்தார். "இது கதவு அதிராம இருக்கறதுக்குங்க ஐயா. அடியில பூராவும் ரப்பருங்க. இத ஒட்டுனாத்தான் சத்தம் நல்லாக் கேக்கும்" என்றார். மகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவளுக்கு என்னவென்று சொல்வது? சின்னக்கானலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். உன்னிடம் என்றால் எங்கிருந்தும் ஆரம்பிக்கலாம்.

உனக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் நான் சொல்கிறேன். நீ சொன்னால் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாய். அந்தக் குணத்தால் வந்த வினைதானே எல்லாம்.

எழுபதுகளில் சின்னக்கானல் எஸ்டேட் ஸ்டோரில் எனக்குக் குமாஸ்தா வேலை கிடைத்து மலை ஏறியபோது, மூணாறிலிருந்து என்னைக் கொண்டுபோய் விட்டது உன் டாக்சிதான். பழைய அம்பாசிடர். அதில் கம்பெனியிலேயே வைத்துக் கொடுத்த ரேடியோ ஒன்று இருந்தது. இரண்டு திருகு, நடுவில் பச்சை வெளிச்சம். அந்த மலையில் ரேடியோ இருந்த டாக்சி அது ஒன்றுதான், அதனால் எல்லாரும் அதை 'ரேடியோ கார்' என்றுதான் சொல்வார்கள். வெளியே ஒன்றும் தெரியாத மஞ்சு, வெள்ளை வெளேரென்று பனிமூட்டம். ரோடு எது, பள்ளம் எது என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்ததா என்பதே எனக்குச் சந்தேகம். சிலோனிலிருந்து ஒரு பாட்டு வந்துகொண்டிருந்தது. ஒரு வளைவில் அது கரைந்துபோய் இரைச்சல் மட்டும் மிஞ்சியது. "பாட்டு போயிருச்சுங்க" என்றேன். "சும்ம இரும் வே, அடுத்த வளைவுல வந்துரும்" என்றாய். வந்தது. அப்புறம் மறுபடி போயிற்று, மறுபடி வந்தது. அணைத் தண்ணீர் இடது பக்கம் எங்கோ இருக்கிறது என்று கையைக் காட்டினாய். நான் பார்த்தது பச்சை வெளிச்சம் ஒன்றை மட்டும்தான். பாதித் தூக்கத்தில் மேகத்துக்குள் உட்கார்ந்து போவது போல இருந்தது.

என் பேச்சைக் கேட்டு நீ அடித்த கேலி கொஞ்சமா? "இவரு ஒரு வார்த்தைக்கு நாலு 'ங்க' போடுதாரு" என்று லயம் முழுவதும் சொல்லி வைத்தாய். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருந்த அந்த லயத்து வீடுகளில் இருந்தவர்கள் எல்லாம் திருநெல்வேலி, மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். நான் ஒருவன்தான் கொங்குத் தமிழ். உனக்கு நான் 'பாலக்காட்டார்'. உங்கம்மாவுக்கு நான் 'ங்க தம்பி'. அவள் கொழுந்து பறித்துவிட்டு வரும்போது ஸ்டோர் வாசலில் நின்று, "ங்க தம்பி, சாப்ட்டியாங்க?" என்று கேட்டுவிட்டுப் போவாள். அந்த அம்மா சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். அப்புறம் ரொம்ப நாள் சிரிக்கவேயில்லை.

உன் தம்பி முருகேசனைக் கல்ஃபுக்கு அழைத்துப் போனது எங்கள் ஊர் லாரிக்காரர் மகன். நான்தான் சொல்லி அனுப்பினேன். அங்கே ஒரு கார் ஒர்க்ஷாப்பில் வேலை. முதலில் ஒழுங்காகக் கடிதம் வந்தது. பிறகு வேலை மாறினான், ஊர் மாறினான், ஒரு மழைக்காலம் முழுவதும் ஒரு தகவலும் இல்லை. லயத்தில் யாரோ ஒரு புண்ணியவதி, கப்பல் ஒன்று கவிழ்ந்து போய்விட்டதாம் என்று கிளப்பிவிட்டாள். உங்கம்மா அதைப் பிடித்துக்கொண்டாள்.

அப்புறம் கடிதம் வந்தது. நாலே வரி. சுகம், வேலை மாறியிருக்கிறேன், பிறகு எழுதுகிறேன், இவ்வளவுதான். அதை அப்படியே வாசித்திருந்தால் போதும். உனக்குத்தான் இருப்புக் கொள்ளாதே. அம்மாவை நினைத்து அழுததாகவும், அவள் வைக்கும் கருவாட்டுக் குழம்பு கனவில் வந்ததாகவும், நீயாகச் சேர்த்து வாசித்துக்கொண்டே போனாய். அவளுக்கு எழுத்துத் தெரியாது, கண் நன்றாகத் தெரியும். "தாளத் திருப்பாம இம்புட்டு நேரமா வாசிக்க? ஒரு பக்கத்துல இத்தனையும் எழுதியிருக்கானா?" என்று கேட்டாள். நீ அவசரமாகத் தாளைத் திருப்பினாய், பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதோடு முடிந்தது. அந்தக் கடிதமே நீ எழுதியதுதான் என்று முடிவு கட்டிவிட்டாள். நான் போய்ச் சொன்னேன், கங்காணி சொன்னார், தபால்காரர்கூடச் சொன்னார். "எல்லாரும் சேந்துதான் மறைக்கிய" என்றாள். "எம்புள்ள கொரலக் கேட்டா நம்புதேன்" என்றாள்.

ஆனி மாசம் பிறந்ததும் ஒரு நாள் அவள் உன்னைக் கூப்பிட்டு, "வார ஆடி அமாவாசைக்கு ஆத்துக்குப் போயி ஒந்தம்பிக்கு எள்ளும் தண்ணியும் விட்டுட்டு வந்துருவோம். எத்தன நாளைக்கு அவன அந்தரத்துல நிக்க விடுதது" என்றாள். நீ ஸ்டோருக்கு வந்து, தேயிலை மூட்டைமேல் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாய். உயிரோடு இருக்கிற தம்பிக்கு உன் கையாலேயே எள் இறைக்கச் சொல்கிறாள். மாட்டேன் என்றால் நானே போய் இறைப்பேன் என்கிறாள். சொன்னால் செய்கிறவள் அவள். அன்றைக்கே லாரிக்காரர் மகனுக்கு எழுதினேன். எப்படியாவது முருகேசனின் குரலை அனுப்பச் சொல்லி எழுதினேன்.

லாரிக்காரர் மகன் விடுமுறையில் வந்தபோது நான் ஊருக்குப் போய் அவனிடமிருந்து வாங்கிவந்தேன். ஒரு கேசட், கூடவே காரில் மாட்டுகிற கேசட் செட். முருகேசன் வேலை செய்த இடத்தில் புதுக் கார்களில் கம்பெனி ரேடியோவைக் கழற்றிவிட்டு இதைத்தான் மாட்டுவார்களாம். அண்ணன் காரிலும் மாட்டட்டும், அம்மா அதில் உட்கார்ந்து கேட்கட்டும் என்று யோசித்து அனுப்பியிருந்தான். லயத்தில் கரண்ட் கிடையாது. மலையில் டேப் ரெக்கார்டர் இருந்த ஒரே இடம் துரை பங்களா. அங்கே போய்க் கேட்க உனக்கு வாய் வராது, அங்கே ஏற உங்கம்மாவுக்குக் கால் வராது. உன் காரில்தான் பேட்டரி இருந்தது. அமாவாசைக்கு ஒரு வாரம்கூட இல்லை.

ரேடியோவைக் கழற்றிய நாள் நினைவிருக்கிறதா? ஃபாக்டரிக்குப் பின்னால் இருந்த ஷெட்டில், கூரையில் மழை. டேஷ்போர்டுக்குக் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டு திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி என் கையில் கொடுத்தாய். கடைசியில் ரேடியோ வெளியே வந்தது. பச்சை வெளிச்சம் இல்லாமல் அதைப் பார்க்க என்னவோ போல இருந்தது. "இனி எவன் ரேடியோ கார்னு ஏறுவான்?" என்றாய். அப்புறம் நீயே, "எங்கம்மா ஏறட்டும் வே, அது போதும்" என்றாய்.

அந்த செட்டில் ஒரு சிக்கல் இருந்தது. இப்போதைய கார்களில் பேட்டரியின் மைனஸ்தான் வண்டியின் இரும்பு உடம்போடு சேர்ந்திருக்கும். உன் பழைய வண்டியில் தலைகீழ், பிளஸ்தான் உடம்பில். முருகேசன் அனுப்பியதோ புது வழக்கத்துக்குச் செய்தது, அதன் தகர உடம்பு மைனஸ். செட்டின் உடம்பு வண்டியின் உடம்பைத் தொட்டால் தீர்ந்தது. அது உனக்கு நன்றாகவே தெரியும். நடுவில் கரண்ட் பாயாத எதையாவது வைத்துத்தான் மாட்ட வேண்டும் என்று நீதான் சொன்னாய். பலகையில் கரண்ட் பாயாது. பலகைக்கா பஞ்சம்? பேக்கிங் ரூமில் உடைந்த தேயிலைப் பெட்டி ஒன்றின் பக்கப் பலகையை எடுத்துவந்தேன். எஸ்டேட் பெயரின் பாதி எழுத்துகள் அதில் கறுப்பு மையில் இருந்தன. உள்பக்கம், தேயிலை ஈரம் கட்டாமல் இருக்க ஒட்டிய வெள்ளித் தாள்.

அந்தத் தாள் இல்லாத வீடு லயத்தில் உண்டா? சாமி படத்துக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருப்பார்கள். கிறிஸ்துமஸ் நட்சத்திரம் அதில்தான், பிள்ளைகள் ராஜா வேஷம் கட்டினால் கிரீடமும் அதில்தான். "இத உரிச்சர்லாமா?" என்று அழகுக்காகக் கேட்டேன். "உரிச்சா பலக பேந்துரும். கெடக்கட்டும் வே, எந்தம்பி வெள்ளி மாளிகைக்குள்ள உக்காந்து பேசட்டும்" என்றாய். வெள்ளிப் பக்கத்தை உள்ளே திருப்பி, வண்டிக்கும் செட்டுக்கும் நடுவில் பலகையை வைத்து முடுக்கினாய். செட்டில் சிவப்பாக ஒரு சின்ன விளக்கு எரிந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் உன் முதுகில் ஒரு அறை வைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் உங்கம்மாவைக் கூட்டிவந்தாய். பெற்ற மகனின் காரில் அவள் அதுவரை ஏறியதில்லை. வீட்டு ஆள் உட்கார்ந்தால் அன்றைக்குச் சவாரி வராது என்று அவளாக ஒரு சாஸ்திரம் வைத்திருந்தாள். நல்ல சேலை கட்டிக்கொண்டு, பின்சீட்டின் நுனியில், இறங்கத் தயாராக உட்கார்ந்தாள். "ஏனுங்கம்மா, நல்லா சாஞ்சு உக்காருங்க" என்றேன். "இருக்கட்டும்" என்றாள். நீ கேசட்டை உள்ளே தள்ளினாய். தள்ளியபோது செட் ஒரு நெல்லளவு பின்னால் போயிருக்க வேண்டும். நமக்குத் தெரியவில்லை.

முதலில் வெறும் இரைச்சல் வந்தது. அப்புறம் யாரோ தொண்டையைச் செருமுகிற சத்தம். அப்புறம் "யம்..." என்றது. அவ்வளவுதான். டேஷ்போர்டுக்குக் கீழேயிருந்து புகை வந்தது. நான் ஓடிப்போய் பானட்டைத் திறந்து பேட்டரிக் கம்பியைப் பிடுங்கினேன். நீ பதறிப்போய்க் கேசட்டை இழுத்தாய். நாடா உள்ளே சிக்கியிருந்தது. இழுக்க இழுக்கப் பழுப்பாக நீளமாக வந்து கார் தரையில் விழுந்தது. உங்கம்மா குனிந்து அந்த நாடாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கதவைத் திறந்து இறங்கி, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மஞ்சுக்குள் நடந்து போய்விட்டாள். "போச்சு வே. இனி எள்ளும் தண்ணியும்தான்" என்றாய். நான் குனிந்து தரையில் கிடந்த நாடாவை அள்ளினேன்.

அடுத்த நாள் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வெள்ளித் தாளில் இரண்டு இடத்தில் கருகிய பொட்டு. ஒரு பொட்டு செட் பட்ட இடம், இன்னொன்று பலகையின் ஓரத்தில் தாள் மடிந்து வண்டியைத் தொட்ட இடம். நீ அதை விரலால் தடவிப் பார்த்தாய். "பொறந்ததுலேருந்து இந்தத் தாளுலதான வே வெளாடுதோம். இதுவும் ஈயம், இரும்பு ஜாதிதான்னு ஒருத்தனுக்கும் தோணலியே" என்றாய். செட் கெடவில்லை, வெளிக் கம்பி மட்டும்தான் எரிந்திருந்தது. தாளை உரித்தோம். நீ சொன்னது போலவே பலகையும் பட்டை பட்டையாகப் பேர்ந்து வந்தது. சைக்கிள் டியூப் இருந்தால் சுற்றலாம் என்றேன். "இந்த மலையில எவன் வே சைக்கிள் வச்சிருக்கான்?" என்று எரிந்து விழுந்தாய். நானும் பதிலுக்கு ஏதோ கத்தினேன். எதுக்கும் உதவாத மலை என்றோ என்னவோ.

அப்போதுதான் உங்கம்மா வந்தாள். கொழுந்து எடை போட்டுவிட்டு நேராக அங்கே வந்திருந்தாள். இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை சுற்றியிருந்த தடித்த பிளாஸ்டிக் சீட்டிலிருந்து மழைத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. "எதுக்கு ரெண்டு பேரும் கத்துதிய? என்ன வேணும்?" என்றாள். "கரண்டு பாயாம நடுவுல வைக்கறதுக்கு எதாச்சும் வேணுங்கம்மா" என்றேன். அவள் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தாள். சீட்டை உதறி பானட்டின் மேல் விரித்தாள். "இத வெட்டிக்கோங்க" என்றாள்.

ஆடி மழையில் அந்தச் சீட்டு இல்லாமல் தேயிலைக்குள் இறங்கினால் செடி ஈரம் முழுவதும் உடம்பில்தான். எஸ்டேட்டில் வருஷத்துக்கு ஒரு முறைதான் கொடுப்பார்கள். நீ பதறினாய். "யம்மா, நனஞ்சு காய்ச்சல்ல கெடக்கவா?" என்றாய். அவள் உன்னைப் பார்க்காமல் சீட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நேத்து செருமுனாம்லா. பேசுததுக்கு முன்னால அவன் அப்படித்தான் செருமுவான், சின்னதுலேருந்து. இது ஒன் வேலையோன்னு ராவெல்லாம் யோசிச்சுப் பாத்தேன். ஒனக்கு அப்படிச் செரும வராது." சீட்டை என் பக்கம் தள்ளினாள். "மிச்சத்தையும் கேக்கணும்" என்றாள்.

பாதியை வெட்டிக்கொண்டோம். மீதிப் பாதியை அவள் மறுபடி இடுப்பில் கட்டிக்கொண்டாள். எரிந்த கம்பியை மாற்றி, செட்டை அந்தச் சீட்டில் குழந்தையைப் போலச் சுற்றி நீ பொருத்தினாய். நான் என் பென்சிலைக் கேசட் ஓட்டையில் விட்டுச் சுற்றிச் சுற்றி நாடாவை உள்ளே ஏற்றினேன். ஒரு இடத்தில் கசங்கியிருந்தது. நகத்தால் நீவிவிட்டேன்.

அந்தச் சாயங்காலம் இப்போதும் எனக்குள் அப்படியே இருக்கிறது. நாம் மூன்று பேர். கார்க் கண்ணாடி எல்லாவற்றையும் மஞ்சு மூடியிருந்தது. கூரையில் மழை பெய்தது. ரேடியோ இருந்த இடத்தில் இப்போது சிவப்பு விளக்கு. இரைச்சல் வந்தது, செருமல் வந்தது. "யம்மா, நல்லாருக்கியா?" என்றான் முருகேசன். அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. நான் மறுபடி போச்சு என்று நினைத்து, இறங்கி பானட்டைத் திறக்கக் கதவில் கை வைத்தேன். பின்சீட்டிலிருந்து உங்கம்மா, "இருக்கேன்யா" என்றாள். "ம்ம்" என்றான் அவன்.

ஒலிப்பதிவு என்றால் என்னவென்று அந்தப் பையனுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு கேள்வியும் கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்லக் காத்திருந்திருக்கிறான். எங்கோ பாலைவனத்தில் ஒரு அறையில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் இல்லாத அம்மா பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்திருக்கிறான். அவன் பின்னால் காற்று அடிப்பது கேட்டது. "கால் வலிக்கு எண்ண போடுதியா?" என்றான். "எங்க போட? மழையில எண்ண நிக்குமா?" என்றாள். "போடும்மா, சும்ம இருக்காத" என்றான். "சரி, போடுதேன்" என்றாள். "சாப்ட்டியா?" என்றான். என்ன குழம்பு, என்ன துவையல் என்று அவள் சொல்லி முடிக்கும்வரை அவன் பொறுமையாக இருந்தான். கசங்கிய இடம் வந்தபோது அவன் குரல் தண்ணீருக்குள் போவது போல ஆழமாகி, இழுத்து, மறுபடி மேலே வந்தது. "தொண்ட கட்டியிருக்கு. அங்க குளிரு போல" என்றாள்.

"அண்ணன் பக்கத்துல இருக்கானா?" என்று கேட்டான். நீ ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் கன்னம் முழுவதும் ஈரம். உங்கம்மா பின்னாலிருந்து உன் தோளைக் குத்தினாள். "கேக்காம்லா, சொல்லு" என்றாள். நீ செருமினாய். கரடுமுரடாக, பழைய லாரி கியர் மாற்றுவது போல ஒரு செருமல். "இருக்கேன்டா" என்றாய். "அம்மாவப் பாத்துக்க" என்றான் அவன், மிகச் சரியாக அந்த நேரத்துக்கு.

ஆடி அமாவாசையன்று போடிமெட்டு இறங்கி ஆற்றுக்குப் போனோம். உங்கப்பாவுக்கு மட்டும் எள்ளும் தண்ணீரும் விட்டாய். உங்கம்மா கரையில் நின்று, உன் கையிலிருந்து எள் விழுவதைக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பேருக்கு மேல் சொல்லிவிடுவாயோ என்று காவல் நின்றது போல இருந்தது. திரும்பி வரும்போது காரில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

அப்புறம் உன் சவாரிதான் வேடிக்கையாகிவிட்டது. உன்னிடம் இருந்தது ஒரே கேசட். ரேடியோ காரில் பாட்டு இல்லையா என்று யார் கேட்டாலும் நீ அதைத்தான் போடுவாய். போடிக்குப் போன ஒரு பெரிய ஆபீசர், பின்னால் ஃபைல் பார்த்துக்கொண்டிருந்தவர், "சாப்ட்டியா?" என்று கேசட் கேட்டதும் தலை தூக்காமல் "ஆச்சு, ஆச்சு" என்றாராம். இதை நீ எத்தனை பேரிடம் சொன்னாய்! ஒவ்வொரு முறையும் ஆபீசரின் பதவி ஒரு படி உயர்ந்துகொண்டே போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்துப் பெண்கள் உன் காரில் வந்து உட்கார்ந்தார்கள். வெளிநாட்டில் பிள்ளை இருந்தவர்கள் எல்லாம் கேசட் அனுப்பச் சொன்னார்கள். முருகேசன் இரண்டு மழை கழித்து ஊருக்கு வந்தான், உடம்பு போட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு. "எங்கம்மாவுக்கு இவன விடக் கேசட்டுதான் வே பிடிச்சிருக்கு. அது எதுத்துப் பேசாதுல்லா" என்றாய்.

கழற்றிய ரேடியோவை என் கல்யாணத்துக்கு மரப்பெட்டி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாய். வீட்டில் கல்யாணத்துக்கு வந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். அது இப்போதும் அலமாரி மேல் இருக்கிறது. பாடி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. தூசி துடைக்கும்போது மருமகள் இதை எதுக்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பாள், நான் காது கேட்காதவன் மாதிரி இருந்துவிடுவேன்.

உனக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது என்று தேனியிலிருந்து உன் மகள் சொன்னபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. நீயா பேசாமல் இருப்பாய்? போனை உன் காதில் வைக்கச் சொன்னேன். "நல்லா இருக்கியா?" என்றேன். கேட்டுவிட்டு முருகேசன் மாதிரிக் காத்திருந்தேன். உன் மூச்சு மட்டும் வந்தது. "ம்ம்" என்றேன். "மருந்து சாப்பிடறியா?" என்றேன், காத்திருந்தேன். நீ எனக்கு என்னென்ன பதில் சொல்வாய் என்று எனக்குத் தெரியாதா? ஒவ்வொன்றுக்கும் நேரம் விட்டேன். "சாப்ட்டியாப்பா?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு கரடுமுரடாக, பழைய லாரி கியர் மாற்றுவது போல, செருமினாய். அது வேறு யாருக்கும் வராது. எனக்கு அன்றைக்கு அது போதுமாக இருந்தது. அப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தோம், போன மழைக்காலத்தில் நீ போய்ச் சேரும் வரைக்கும்.

இன்றைக்குப் புது செட்டை மாட்டி முடித்து வீட்டுக்கு வந்துவிட்டோம். வருகிற வழியெல்லாம் மகள் பாட்டுப் போட்டாள். சத்தம் உருண்டையாகத்தான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். பாட்டு எந்த வளைவிலும் போகவில்லை. இந்தப் பக்கம் வளைவும் கிடையாது, நேர் ரோடு. வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அவள் உள்ளே போனாள். நான் காரிலேயே உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். யாரிடம் எதைக் கேட்டாலும் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருக்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. "அப்பா, லைன்ல இருக்கறீங்களா?" என்று பிள்ளைகள் போனில் கத்துகிறார்கள். இருக்கிறேன். பதில் சொல்ல அவர்களுக்கு இடம் விடுகிறேன், அவ்வளவுதான்.

நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால்தான் கொஞ்சம் மக்கர் பண்ணுகிறது. நீ எப்படி இருக்கிறாய்? அங்கே மஞ்சு உண்டா?

சாப்ட்டியாப்பா?

இந்த இடத்தில் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்கப் போகிறேன். நீ ஒருதரம் செருமினால் போதும்.